நான் ஒழித்துக்கட்டிய ஹம்

தொண்ணூறுகளில் பழவங்காடிக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக்கடை மாடியில் இருந்த ஸ்டுடியோவில் நான் ஒலிப்பதிவாளன். பிழைப்பு பக்திப் பாடல் கேசட்டுகள்தான். அங்கே நாலு பேர் கொண்ட ஒரு ராக் பேண்ட் வந்ததே அதிசயம். வந்தவர்களை நான் அழவைக்கப் பார்த்த கதை இது.

முந்தின வாரமே வந்து ஒத்திகை பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கிட்டாரிலிருந்து மிக்ஸருக்குப் போகும் எங்கள் கேபிளில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். தொழிலில் அதற்கு ஹம் என்று பெயர். எனக்கு மானம் போயிற்று. பதிவுக்கு முதல்நாள் கேபிளைப் பிரித்தால், இரைச்சலைத் தடுக்கும் ஷீல்ட் ஒயர் பாதி விட்டிருந்தது. சால்டர் வைத்துப் பற்றவைத்தேன். சுத்தமோ சுத்தம்.

மறுநாள் காலை ரேணு கிட்டாரை மாட்டினாள். பாட்டு எழுதுவது, பாடுவது எல்லாம் அவள்தான். கரமனைத் தமிழ்ப் பெண்; எங்கள் இருவர் பேச்சிலும் மலையாளம் கலக்கும். ஹெட்ஃபோனில் கேட்டதும் முகம் மாறியது.

"அண்ணா, அந்த ஹம் எங்கே போச்சு?"

"சரியாக்கிட்டேன். க்ளீனா இருக்கு, அல்லே?"

"ஐயோ, என்ன பணி அண்ணா இது! அதுக்குச் சேர்ற மாதிரிதானே எல்லாத்தையும் ட்யூன் பண்ணினோம்!"

ட்ரம்ஸ் வாசிக்கும் பிஜு கடிகாரத்தைப் பார்த்தான். சாயங்காலம் அவனுக்குத் துபாய் விமானம், அங்கே வேலை. இன்று விட்டால் அந்த நாலு பேரும் சேர்ந்து வாசித்ததற்கு அடையாளமே இருக்காது.

பாட்டின் பொருளைக் கேட்டேன். வாடகை வீட்டில் தனியாக இருக்கும் ஒருவன். வீட்டில் சத்தம் போடுவது ஃப்ரிட்ஜ் மட்டும். கடைசியில் கரண்ட் போகிறது. அப்போதுதான் தன் மூச்சே அவனுக்குக் கேட்கிறது.

அந்த ஃப்ரிட்ஜ்தான் ஹம். சுருதியும் அதுதான். சுருதிப் பெட்டி இல்லாமல் ஒரு பாகவதரையும் மைக் முன்னால் உட்காரவிடாத நான், இவர்களுடைய சுருதியைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன். வெட்கமாகிவிட்டது.

சால்டரிங் அயர்னைச் சூடாக்கினேன். வைத்த பற்றை நானே பிரித்தேன். "ம்ம்ம்."

"வந்துடுத்து!" ரேணு குதித்தாள். "கடைசியில நான் கை காட்டறப்போ கிட்டார் ஃபேடரை ஒரேயடியா இறக்கிடுங்கோ, கேட்டோ?"

பாட்டின் முடிவில் அவள் கை காட்டினாள். மற்றவர்கள் நிறுத்தினார்கள், நான் ஃபேடரை இறக்கினேன்; கரண்ட் போனதுபோல ஹம் நின்றது. டேப்பில் அவள் மூச்சு மட்டும் ஓடியது. நானும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே டேக். பிஜு குச்சிகளோடு ஆட்டோவுக்கு ஓடினான்.

கேசட் கல்லூரி கல்லூரியாகக் கைமாறியது. சில வருஷம் கழித்து கழக்கூட்டத்து சாஃப்ட்வேர் பையன்கள் பேண்ட் கட்டிக்கொண்டு வந்து, "சேட்டா, ஆ ஹம் வேணம்" என்று அதே ஹம்மைக் கேட்டு நிற்பார்கள். அந்தக் கேபிளை நான் எறியவில்லை.

கேசட் அட்டையில் கிட்டார், பேஸ், ட்ரம்ஸ் என்று வரிசையாகப் பெயர்கள். கடைசி வரியில் "ஹம்" என்று போட்டு என் பெயர். படித்துவிட்டு உண்மையிலேயே கண் கலங்கினேன்.

அதிலிருந்து இரைச்சல் கேட்டால், அயர்னை எடுக்கும் முன் "இது உங்களோடதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். பக்திப் பாடல்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.