வாசலுக்கு வெளியே வைத்த மீட்டர்

பஞ்சாயத்தில் குழாய் ஃபிட்டராகச் சேர்ந்து முதல் சம்பளத்தைக் கண்ணால் பார்ப்பதற்குள் எக்சிகியூட்டிவ் ஆபீசர் கூப்பிட்டுவிட்டார்.

"ஏம்ப்பா, தெருக்குழாய்த் தண்ணிக்கு எவன் காசு குடுக்குறான்? வீட்டுக் கனெக்‌ஷன் வந்தாத்தான் மோட்டாருக்குக் கரண்ட் பில் கட்டலாம். இந்த மாசம் பத்து வீடாவது பிடி. இல்லேன்னா மோட்டாரும் நிக்கும், ஒன் வேலையும் நிக்கும்."

எனக்குக் கல்யாணமாகிப் புதுசு. மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருமயம் பக்கம் எங்கள் ஊர். பெரிய வீட்டு மீனாட்சி ஆச்சி சரி என்றால் செட்டியார் தெருவே சரி என்னும். நேரே அங்கே போனேன். குழாய் என்றதும் ஆச்சிக்குச் சந்தோஷம். பையிலிருந்து மீட்டரை எடுத்தேன், முகம் மாறிவிட்டது.

"இது என்னத்துக்கு?"

"எம்புட்டுத் தண்ணி வருதுன்னு காட்டும் ஆச்சி. அதுக்குத் தக்கனதான் பணம்."

"குடிக்கிற தண்ணிய வீட்டுக்குள்ள வச்சு அளந்தா லட்சுமி தங்குவாளா? அங்கிட்டு எடுத்துட்டுப் போங்க!"

மீட்டர் இல்லாமல் கனெக்‌ஷன் கொடுக்க ரூல் கிடையாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வாசலுக்கு வெளியே வச்சிடுறேன் ஆச்சி. தெருவுலயே அளந்துரும். படி தாண்டிட்டா அளவே கெடையாது."

ஆச்சி கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினார். அப்புறமென்ன, தெருவே வரிசையில் வந்தது. வேலை தப்பியது என்று பெருமூச்சு விட்டேன்.

வெளியே இருந்ததால் போகிறவன் வருகிறவன் எல்லாம் குனிந்து மீட்டர் பார்த்தான். நான் ரீடிங் எடுக்கப் போனபோது ஆச்சி வாசலிலேயே நின்றார்.

"எதுத்த வீட்டுல எம்புட்டு?"

"ஒங்களவிடக் கொஞ்சம் கூட, ஆச்சி."

"எங்களவிட அவுகளுக்குக் கூடவா? ஊரு என்ன நெனைக்கும்!"

அன்று திறந்த குழாயை ஆச்சி மூடவேயில்லை. தென்னைக்கு ஓடியது, மாட்டுக்கொட்டிலுக்கு ஓடியது. எதிர்வீடு சும்மா விடுமா? மாடிப்படி வரை கழுவித் தள்ளினார்கள். வசூலைப் பார்த்த ஆபீசர் என் முதுகில் தட்டினார். "கெட்டிக்காரன்யா நீ! ஒனக்கு வேலை பர்மனென்ட்."

துள்ளிக் குதித்து வீட்டுக்கு வந்தேன். மேட்டுத் தெருவில் கடைசி வீடு என்னுடையது. அங்கே தெருக்குழாயில் வெறும் காற்று வந்துகொண்டிருந்தது. சுற்றி நின்ற பெண்கள் என்னைச் சுட்டெரித்துவிடுவதுபோல் பார்த்தார்கள். என் மனைவி குடத்தை என் கையில் திணித்தாள்.

"வேலை பர்மனென்ட் ஆயிருச்சு!" என்றேன்.

"சந்தோசம். ஊருணிக்கு நடங்க."

குழாய் வேலைக்கு வருகிற தம்பிகளே, வசூல் ஏறினால் உடனே பல்லைக் காட்டாதீர்கள். முதலில் மேட்டுத் தெருக் கடைசிக் குழாயைத் திறந்து பாருங்கள். அதில் தண்ணீர் வந்தால் சிரித்துக்கொள்ளலாம். தெருவே வேடிக்கை பார்க்க, நிரந்தர ஊழியனாக நான் குடம் சுமந்து கற்றுக்கொண்டது இது.