ஆசானின் வீங்கிய கால்

ரத்தம் எடுக்க எலிசா ஊசி குத்தினால் வலி தெரியாது என்பார்கள், நாகர்கோவிலில் அந்த ஆய்வகத்துக்கு வருகிறவர்கள். அந்தத் திங்கட்கிழமை அவள் வலிக்கும்படியே குத்தினாள். கையை நீட்டியிருந்தவர் எண்ணெய் தேய்த்து நீவிவிடும் உழிச்சல் வைத்தியர் சுயம்புராஜ் ஆசான். இந்த முகத்துக்காக ஏழு வருஷம் காத்திருந்தாள்.

ஏழு வருஷத்துக்கு முன் அவள் கணவன் செல்வதாஸுக்கு வாழைத்தோட்டத்தில் மண்வெட்டி காலில் பட்டது. புண் சீழ் பிடித்து, கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து கொதித்தது. "நீர்க்கட்டுதான், உழிஞ்சா இறங்கீரும்" என்று ஆசான் சூடான எண்ணெய் விட்டு அரைமணி நேரம் அழுத்தித் தேய்த்தார். மறுநாள் காலை வடசேரி பஸ் நிலையத்தில் மூச்சுக்குத் தவித்து விழுந்த செல்வதாஸ் எழுந்திருக்கவில்லை.

ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் எலிசா முப்பத்திரண்டு வயதில் இந்த ஆய்வகப் படிப்பில் சேர்ந்தாள். கிருமி புகுந்தால் வெள்ளை அணுக்கள் தங்கள் உள்ளிருப்பதையே நூலாக்கி வலை வீசும். கிருமி தப்பாதபடி அந்த வலையில் ரத்தம் உறையும். காவலுக்கு வந்த அந்தக் கட்டி அளவு மீறினால் ரத்தக்குழாயையே அடைக்கும். அழுத்தித் தேய்த்தால் பிய்ந்து நுரையீரலுக்கு ஓடும்.

இப்போது ஆசானுக்கு முள் குத்திய கால் வீங்கியிருந்தது. ரத்த அறிக்கையில் உறைதலின் அளவு ஏகத்துக்கு ஏறியிருக்க, டாக்டர் ஸ்கேன் எழுதினார். ஆசான் சீட்டை மடித்தார்.

"ஸ்கேன் எதுக்கு மக்கா? வீட்டுல எனக்க பெஞ்சாதி தாணம்மா உழிஞ்சு விடுவா. போதும்லா?"

"போதும்" என்று சொன்னால் போதும். அந்தச் சொல் எலிசாவின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் செத்துவிட்டால் இவருக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடுமே!

"செல்வதாஸை ஞாபகம் இருக்கா ஆசானே?" காத்திருந்த இருபது பேருக்கும் கேட்கும்படி கேட்டாள். "எனக்க மாப்பிள. நீரு உழிஞ்சதுல கால்ல இருந்த ரத்தக்கட்டி பிய்ஞ்சு நெஞ்சுல அடைச்சுது. இப்போ உமக்கும் அதே வீக்கம். போயி உழியும்வேய்!"

அதுவரை கெண்டைக்காலைத் தடவிக்கொண்டிருந்த ஆசானின் கை தீப்பட்டதுபோல் விலகியது.

"நீரு சாவப்பிடாது. நெறைய வருஷம் இருந்து இதையே நெனைக்கணும்." சக்கர நாற்காலியை அவளே ஸ்கேன் அறைக்குத் தள்ளினாள். கட்டி இருந்தது. மருந்தில் பிழைத்தார்.

அவள் சொன்னபடி ஆசான் தன் கையால் எழுதிய பலகை உழிச்சல் கொட்டகையில் தொங்குகிறது: 'சிவந்து வீங்கிய கால் இங்கே உழியப்படாது. உழிந்ததால் இறந்தவர் செல்வதாஸ்.'

எலிசா வேலைக்குப் போகும் பஸ்ஸில் அந்தக் கொட்டகை தெரியும் பக்கத்து ஜன்னலில்தான் உட்காருகிறாள். மழையில் எழுத்து மங்கினால் உடனே போன் போடுகிறாள்.

"ஆசானே, பேரு சரியாத் தெரியல. நாளைக்கு எழுதீரும்."