ஐம்பத்தைந்தாம் நம்பர் கம்பி

பேஸ் கிட்டாருக்கு எந்தக் கம்பி வாங்கலாம் என்று இணையத்தில் கேட்டுவிடாதீர்கள். உலகத்தில் வேலைவெட்டி இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பது தெரிந்து மனம் நொந்துபோவீர்கள். நான் கேட்டேன். ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்ப் பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். அந்தப் பாறையில் உட்கார்ந்து மாசி மாதம் முழுக்க அந்தப் பண்டிதர்களைப் படித்தேன்.

கேள்வி சின்னதுதான். எனக்கு வேண்டியது ஃப்ளாட்வவுண்ட் கம்பி. மேல்சுற்று தட்டையாக இருப்பதால் விரல் நகரும்போது கிறீச்சிடாது, சத்தம் உருண்டையாக வரும். அதில் எந்தத் தடிமன்? இருப்பதிலேயே ஒல்லியான கம்பி நாற்பத்தைந்தாம் நம்பராக இருக்கும் செட்டா, ஐம்பத்தைந்தாக இருப்பதா? நாற்பத்தைந்தைத் தாண்டினால் கிட்டாரின் கழுத்து வளைந்துவிடும் என்றது ஒரு கட்சி. நாற்பத்தைந்தெல்லாம் பால் பல் விழாத பிள்ளைகள் சமாச்சாரம் என்றது இன்னொரு கட்சி. எங்கே வாசிக்கப்போகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எனக்கு இது விளையாட்டில்லை. திருவிழாக்களில் பாடும் மெல்லிசைக் குழு ஒன்றில் வாசிக்கிறேன். குழுத் தலைவர் போளூர்க்காரர். நல்ல பாடகர் என்று அவரே சொல்வார். போன திருவிழா முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“இன்னா தம்பி, நீ வாசிக்கிறதே கேக்கல. கீபோர்டுகாரு எடது கையாலயே பேஸு குடுத்துடுறாரு. அடுத்த வாட்டியும் கேக்கலன்னா உன்ன கூட்டினு போயி இன்னா பண்றது? வேன்ல ஒரு சீட்டாவது மிச்சமாவும்.”

ஆக, ஐம்பத்தைந்து. தடிமன் கூடினால் சத்தமும் கூடும். கூரியர்காரர்கள் மலையேற மாட்டார்கள், செருப்பு தேய்ந்துவிடும். திருப்பத்தூருக்குப் பஸ் பிடித்துப் போய் நானே வாங்கிவந்தேன். கழுத்தின் உச்சியில் இருக்கும் பள்ளத்தில் அந்தத் தடிக் கம்பி உட்காரவில்லை. அரத்தால் ராவி அகலப்படுத்தினேன். சொன்னபடி கழுத்தும் வளைந்தது. பைக் மெக்கானிக்கிடம் ஆலன் கீ இரவல் வாங்கி, கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டைத் திருகி நிமிர்த்தினேன். விரல் நுனியெல்லாம் புண். கடைசியில் வீட்டில் என் சின்ன ஆம்ப்பில் மாட்டி ஒரு தட்டு தட்டியபோது அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் அதிர்ந்தன. சந்தோஷத்தில் தனியாகச் சிரித்தேன். இனி என்னை வேனிலிருந்து யார் இறக்கிவிட முடியும்?

அடுத்த திருவிழா மலைமேலேயே ஓர் ஊரில். நாங்கள் போய் இறங்கியபோது சவுண்ட் சர்வீஸ்காரர் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றின் முகமும் பள்ளத்துக்கு அப்பால் இருந்த ஊரைப் பார்த்தபடி இருந்தது. குழாயில் பாட்டு ரொம்ப தூரம் போகும், பேஸின் அடித்தொனி மட்டும் வெளியே வராது. பெட்டி ஸ்பீக்கர் இல்லையா என்று கேட்டேன்.

“பெட்டி எதுக்குங்க? அது இந்த ஊருக்குத்தான் கேக்கும்” என்றார்.

இங்கே திருவிழா நன்றாக நடந்ததா என்று தீர்மானிப்பது பக்கத்து ஊர். அங்கே கேட்டால் திருவிழா, கேட்காவிட்டால் மானம் போயிற்று. முதல் பாட்டு தொடங்கியதுமே விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் அந்த ஊரில் இருக்கும் தன் மச்சானுக்குப் போன் போட்டு, “கேக்குதா? அங்க கேக்குதா?” என்று கத்த ஆரம்பித்துவிட்டார். எதிரில் தரையில் உட்கார்ந்திருந்த சனத்தைப் பற்றி அவருக்கு அக்கறையே இல்லை.

நான் வாசித்தேன். புண் விரல்களோடு, ஒரு சுரம் பிசகாமல். எனக்கே கேட்கவில்லை. கடைசிப் பாட்டு வந்தபோது ஆத்திரம் தலைக்கேறியது. கம்பியைத் தொடாமல் அதன்மேல் விரல்களைச் சும்மா ஓடவிட்டுத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றேன். யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த டிரம்ஸ்காரர்கூடப் பார்க்கவில்லை. கீபோர்டுக்காரரின் இடது கை அதுபாட்டுக்கு ஓடியது. அந்தப் பாட்டுக்குத்தான் கைதட்டல் பலமாக இருந்தது.

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“கடைசிப் பாட்டுல பின்னிட்ட தம்பி! புதுக் கம்பி போட்டது தெரியுது. அடுத்த மாசம் போளூர்ல இருக்குது, வந்துடு.”

அந்தப் பாட்டை நான் வாசிக்கவே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இணையப் பண்டிதர்களையும் கமிட்டிக்காரரையும் இவரையும் முணுமுணுத்தே கிழித்துப்போட்ட வாய்தான் இது. அப்பால் வேனின் கதவு திறந்திருந்தது. ஜன்னலோரம் என் சீட்டு தெரிந்தது.

“நல்லா கேட்டுச்சாண்ணே?” என்றேன்.