முப்பத்தொரு புளியமுத்து

தேனி ரயிலடிக்கு எதிரே, புளியமரத்தடியில் தகரப்பெட்டி போட்டு மனு எழுதிய முத்துக்கருப்பன் படித்தது நாலாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. போடிக்கு ரயில் வந்த புதிதில் பருத்திப் பொதி தூக்கினார். பொதியில் ஒட்டிய சீட்டைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் பிடித்துக்கொண்டார். பி.ஏ. படித்தவன் வழுக்கி விழுந்த இடத்தில் அந்த மனுஷன் கால் ஊன்றி நின்றார் என்றால், அது சும்மா வந்ததில்லை.

இங்கிலீஷில் நாள் குறிக்கும் சொற்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். ‘பை’ என்றால் அந்தத் தேதிக்குள் ஒருநாள் முடிந்தால் போதும். ‘டில்’ என்றால் அந்தத் தேதிவரை விடாமல் நடக்கணும். இருபதாம் தேதிவரை கொட்டகையில் கிடக்க வேண்டிய பொதியை முன்னதாகவே ஏற்றிவிட்டு, அந்த வேலையைப் பறிகொடுத்தவர் அவர். பட்ட பிறகு சும்மா இருப்பாரா? பெட்டிமேல் நாளுக்கு ஒன்றாக முப்பத்தொரு புளியமுத்தை வரிசையாக அடுக்கினார். மனு எழுத வருகிறவர்கள் நாளை வாயால் சொன்னால் போதாது, விரலால் காட்டணும். விரல் ஒரு முத்தில் நின்றால் ஒரு சொல். வரிசையோடு ஊர்ந்தால் வேறு சொல்.

முப்பத்தாறாம் வருஷம் மார்ச்சு எட்டாம் தேதி, மார்க்கையன்கோட்டை இருளம்மாள் ஒரு காகிதத்தோடு ஓடி வந்தாள். பத்தாம் தேதி மதகை அடைக்கப்போகிறார்கள். அவளுடைய கடைமடை நெல்லோ அப்போதுதான் பால்பிடித்திருந்தது. தண்ணீரை நிறுத்தினால் அத்தனையும் பதர். இருபத்தைந்து வரை கேட்டு, பி.ஏ. படித்த வக்கீல் குமாஸ்தா செல்வமணியிடம் மனு எழுதி வாங்கியிருந்தாள். கம்பத்தில் முகாமிட்டிருந்த இஞ்சினீர் துரையிடமிருந்து ‘இருபத்தைந்துக்குள் ஒருநாள் தண்ணீர் விடப்படும்’ என்று பதில் வந்திருந்தது.

“ஒருநா தண்ணிய வச்சு நான் வாயா கொப்பளிக்க, அண்ணே?”

பின்னாலேயே செல்வமணியும் வந்து சேர்ந்தார். “ஒத்தச் சொல்லு மாறிப்போச்சு அண்ணாச்சி. அத அடிச்சு எழுதுனா முடிஞ்சது. கம்பம் பஸ்ஸு கெளம்பப்போகுது, நீங்க பல்லாங்குழி ஆடுறீகளே!”

முத்துக்கருப்பன் நிமிரவே இல்லை. “ஆத்தா, வெரல வையி.”

இருளம்மாள் பத்தாவது முத்தில் விரலை வைத்து இழுத்தாள். இருபத்தைந்தில் விரல் நிற்கவில்லை. இருபத்தெட்டில்தான் நின்றது.

“ஏ ஆத்தா, இருபத்தஞ்சுன்னுதான சொன்ன?”

“அது ஊருக் கணக்குண்ணே. மேமடைக்காரக வயலு ரொம்புன பெறகுதான் எனக்கு விடுவாக. எப்பவும் மூணுநா பிந்தும்.”

“இத இவுககிட்டச் சொல்லலையா?”

“அவுக கேக்கலையே.”

செல்வமணி மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

முத்துக்கருப்பன் பத்திலிருந்து இருபத்தெட்டுவரை என்று சரியான சொல்லைப் போட்டு மூன்றே வரி எழுதினார். சொல்லை மட்டும் நம்பாமல், கீழே முப்பத்தொரு புள்ளி வைத்து, பத்துக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவே கோடும் இழுத்தார். பஸ் நகர்ந்துகொண்டிருக்கும்போதே அவளை ஏற்றிவிட்டார்.

முகாமில் இஞ்சினீர் துரை அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. கையெழுத்து விழுந்தது.

இருபத்தெட்டாம் தேதி காலையில் கணுக்கால் தண்ணீரில் நின்று, இருளம்மாள் ஒரு கதிரை உருவிக் கடித்துப் பார்த்தாள். மணி கெட்டித்திருந்தது.

அறுப்பு முடிந்த கையோடு செல்வமணி பெட்டியருகே வந்து நின்றார். “அண்ணாச்சி, எனக்கும் முப்பத்தொண்ணு எண்ணிக் குடுங்களேன்.”

“மரம் தலைக்கு மேலதான நிக்கிது, தம்பி? நீங்களே பெறக்கிக்கங்க.”