ஆற்றுப் பக்கம் பொங்கிய பால்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் எந்தப் புதுக்கடை திறந்தாலும் கோசலையைக் கூப்பிடுவார்கள். பால் காய்ச்சுவது முதலாளியம்மா; பொங்கி வழிந்ததைத் துடைப்பது கோசலை. இருபது வருடமாக அடுத்தவர் சமையலறையில் வடை சுட்டவள், போன சனிக்கிழமை தன் சொந்தக் கடைக்குப் பால் காய்ச்சப் போனாள். பாரிஸில் இல்லை, அங்கே வாடகை கழுத்தை நெரிக்கும். இது தூரத்தில், ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊர். ரோமானியர் எழுப்பிய மதில்மேலேயே வீடு கட்டி, அதில் துணி காயப்போட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

நான் புதுச்சேரிக்காரன், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவன். என்னிடம் கார் இருப்பதால் எனக்கும் அழைப்பு. கோசலை புதுப் பித்தளைப் பானையை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

“ஒன்பதுக்கு ராகு காலம் துவங்கீடும், கபிரியேல் அண்ணை. அதுக்குள்ளை பொங்க வேணும். கிழக்காலை வழிஞ்சால் நல்லது. தெற்காலை வழிஞ்சால் நான் கடையைத் திறக்கவே மாட்டன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை. ராகு காலமே பார்க்காத கத்தோலிக்கன் நான். எனக்கும் பதற்றம் தொற்றிக்கொண்டது.

கடையில் பானையை அடுப்பில் வைத்தோம். பால் அசையவே இல்லை. அது இன்டக்‌ஷன் அடுப்பு, பித்தளையைச் சூடாக்காது. பழைய கட்டடம் என்பதால் காஸ் இணைப்பும் கிடையாது. வேறு சட்டியில் ஊற்றலாமே என்றேன். “புதுப் பானையிலைதான் பொங்க வேணும், அண்ணை,” என்றாள் கோசலை.

பக்கத்துச் சீஸ் கடை எலோடி எட்டிப் பார்த்தாள். நான் விஷயத்தைப் பிரெஞ்சில் சொன்னதும் ஓடிப்போய், சந்தையில் சீஸ் உருக்குகிற குட்டி காஸ் அடுப்பைத் தூக்கிவந்து தரையில் வைத்தாள். மூவரும் சுற்றிக் குந்தினோம். பால் மெல்ல நுரைத்து ஏறியது. எலோடியின் கை அடுப்பை அணைக்கப் பாய்ந்தது. பாலோடு பிழைக்கிறவள் பொங்க விடுவாளா? கோசலை அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பொங்கியது! தரையில் இறங்கிய பால் கொஞ்சம் தயங்கி, நேரே கிழக்கே, ஆற்றுப் பக்கம் ஓடியது. ஒன்பதாக இன்னும் நேரமிருந்தது. கோசலை அழுதாள், சிரித்தாள், எலோடியைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் அப்படியொரு சந்தோஷம்.

“இந்த வீட்டில் எது கொட்டினாலும் ஆற்றுப் பக்கம்தான் ஓடும்,” என்றாள் எலோடி. “சில நூறு வருடமாகத் தரை அந்தப் பக்கம் சரிந்துகொண்டே போகிறது.”

இதை இப்போதா சொல்ல வேண்டும்! கோசலைக்குப் பிரெஞ்சு நன்றாகப் புரியும். அவள் தரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

“அப்ப இந்த வீடு இவ்வளவு காலமும் எனக்காகத்தான் சரிஞ்சு கொண்டிருந்திருக்கு, அண்ணை,” என்றாள்.

பிறகு துடைக்கிற துணியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.