கட்டிக்குப் போகாத காற்று

என் கணவரின் மூளைக் கட்டிக்குள் ஆக்சிஜன் போதவில்லை என்று செங்கல்பட்டு டாக்டர் சொன்னார். ஆக்சிஜன் என்றால் காற்றுதானே என்று நினைத்து, தினமும் ஏழுமலையின் ஆட்டோவில் அவரை மாமல்லபுரம் கடற்கரைக்கு அழைத்துப் போனேன்.

அடுத்த முறை இதை டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. “கட்டி வேகமா வளருதும்மா. ரத்தம் எட்டாத நடுப்பகுதி மூச்சுத் திணறி, புது ரத்தக்குழாய்களை வரவழைச்சுக்குது. அதனால இன்னும் வளருது. கடல்காத்து அதை மாத்தாது.”

வெளியே வந்து ஏழுமலையிடம், “இனிமே பீச் வேணாம்பா” என்று சொல்லி அழுதேன்.

“கட்டிக்குக் காத்து போவலன்னா இன்னாக்கா? அண்ணனுக்குப் போவுதுல்ல? ஏறுக்கா.”

அன்றும் போனோம். அலை காலை நனைத்ததும் என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அவர் போய் இருபது வருடமாகிறது. கடல்காற்று முகத்தில் படும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு கேட்கிறது. அதற்கு முன்னால், “ஏறுக்கா” என்ற குரலும்.