"ஓடு" என்று கத்தினேன்

என் மகன் மூர்த்தி போலந்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். பனிக்காலத்திலும் காலை ஓட்டத்தை விடமாட்டான். ஓடி முடித்ததும் காட்டோரப் பாதையில் நடந்தபடியே வீடியோவில் என்னைக் கூப்பிடுவான். பர்மாவில், யாங்கோனில் இருக்கும் எனக்கு அது மதியச் சாப்பாட்டு நேரம்.

அன்று பேசிக்கொண்டே வந்தவன் சட்டென்று நின்றான். "அம்மா, ஓநாய்" என்று மெதுவாகச் சொல்லி, கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். பனியில் சாம்பல் நிறத்தில் ஒன்று அவனையே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஓடுடா! ஓடிரு!" என்று கத்திவிட்டேன்.

"ஓடுனா தொரத்தும்மா. கத்தாதீங்க."

திரை இருண்டது. கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டிருக்க வேண்டும். அவன் அடியடியாகப் பின்னால் நகர, பனி நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் வீட்டுக்குக் கீழே பஸ்காரன் போகும் இடத்தைச் சொல்லி "சூலே, சூலே" என்று கூவினான். அது அங்கே கேட்டுவிடுமோ என்று பயந்து ஜன்னலைச் சாத்தினேன். வாயைப் பொத்திக்கொண்டேன். பெற்ற பிள்ளைக்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு கதவு மூடும் சத்தம். மூர்த்தியின் முகம் திரையில் வந்தது.

"அது போயிருச்சும்மா. நான் ரூமுக்கு வந்துட்டேன்."

"என் சத்தம் எதுவும் கேட்டுச்சாடா?"

"நீங்க கத்தினப்பவே போன் சவுண்ட நிறுத்திட்டேனே. ஏன், அப்புறம் ஏதாவது சொன்னீங்களா?"

"ஒண்ணுமில்ல. சூடா ஏதாவது குடி" என்றேன்.

பிள்ளைக்கு ஆபத்து வந்தால் குறுக்கே போய் நிற்பேன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அன்று என் மௌனம்கூட அவனுக்குத் தேவைப்படவில்லை. இப்போதெல்லாம் அவன் கூப்பிட்டால், முகத்தைப் பார்க்கும் முன் அவனுக்குப் பின்னால் தெரியும் மரங்களைத்தான் பார்க்கிறேன்.